ஐந்து கோடு

இரவு பதினொன்றே கால்.
செக்காலை ரோட்டில் கடைசி டவுன் பஸ்
குலுங்கிப் போன சத்தம் அடங்கிவிட்டது.
காரைக்குடியே தூங்குகிறது.
பிரசவ வார்டில் விழித்திருப்பது
நானும் ஓர் எழுத்தும்.

கட்டம் போட்ட நோட்டு வாங்கச் சொன்னார்கள்.
எனக்கெதற்கு?
வயிற்றுப் பிள்ளையின் துடிப்பை வரைந்து தள்ளும் மெஷினில்
ரோல் தீரும்போது மிஞ்சுகிற வால்
முழுக்கக் கட்டம்தான்.

生

முதலில் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கீற்று.
ஒரு படுக்கைக்கோடு.
உச்சியிலிருந்து ஒரு நெடுங்கோடு.
இன்னும் இரண்டு படுக்கைக்கோடு; கடைசியது தரை.
மண்ணைப் பிளந்து எழுந்த செடியாம்.
எனக்கென்னவோ டிரிப்ஸ் ஸ்டாண்டு.

அஞ்சே கோடு. வாசிப்புதான் அடங்கவில்லை.
வாத்தியாரோடு நின்றால் ஸேய்,
பிறந்தநாளுக்குள் போனால் ஜோ.
பின்னால் வால் முளைத்தால்
இ, உ, ஹ:
வாழ், பிற, முளை.
முட்டைக்கு முன்னால் வந்தால் நமா, அதாவது வேகாதது.
இது போதாதென்று கி என்று ஒன்று.

முந்தாநாள் மாதிரித் தேர்வில்
நமா முட்டையை ஸேய் முட்டை என்று வாசித்து
ஒரு மார்க் போனது.
(சுடுசோற்றில் அப்படியே உடைத்து ஊற்றிச் சாப்பிடுவார்களாம்.
போகிற இடத்தில் நானும் ஊற்ற வேண்டியிருக்கும்.)

குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.
கடலில் ஒரு க, அகலில் ஒரு க, சங்கில் ஒரு க.
அமலோற்பவமேரி என்று டூட்டி லிஸ்ட்.
சிஸ்டர் என்று வார்டு.
கழனிவாசல் வீட்டில் மாமியாருக்கு
நான் வெறும் ‘இந்தா’.

ஒன்று நாற்பதுக்கு மூடி வைத்தேன்.
நாலாம் கட்டில், சொர்ணவல்லி, கல்லல், தலைப்பிரசவம்.
என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை.

இரண்டு ஆறுக்கு வெளியே வந்தது.
அழவில்லை.

துடைத்தேன்.
வாயை உறிஞ்சி எடுத்தேன், பிறகு மூக்கை.
முதுகைத் தேய்த்தேன்.
உள்ளங்காலைச் சுண்டினேன்.
விரல் பத்து, இமை இரண்டு,
எல்லாக் கோடும் வரிசை தப்பாமல் விழுந்திருக்கிறது.
சத்தம் மட்டும் வரவில்லை.
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் பார்க்கவில்லை.

முதலில் பூனைக்குட்டி மாதிரி ஒன்று.
அப்புறம்
அடுத்த தெரு நாய் எழுந்து குலைக்கிற அளவுக்கு.

வராந்தாவில் அவள் புருஷன்.
ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றுகிறவர்,
முழங்காலில் இன்னும் சிமெண்டு வெள்ளை.
“தாயும் சேயும் நலம்” என்றேன்.

எத்தனை நூறு தடவை சொன்ன வாசகம்.
நடுவில் இருந்த சொல்
இன்றைக்குத்தான் என் காதைத் திருகியது.

தற்செயல். தெரியும்.
இரண்டு ஊரில் ஒரே சத்தம் விழுந்ததற்காக
சொந்தம் கொண்டாடக் கூடாது.
ஆனால் மனசு அப்படித்தான்,
ஆணி தெரிந்தால் சட்டையை மாட்டிவிடும்.

அவர் கேட்டார்:
“பச்சத்தண்ணி குடுக்கலாமாங்க?”
“பச்ச ஒடம்பு, வெந்நீ குடுங்க.”
“புள்ளய நான் தூக்கலாமா?”
“பச்சப்புள்ள. கழுத்தத் தாங்கிப் பிடிங்க.”

திரும்பி நடக்கையில் எண்ணினேன்.
மூன்று பச்சை.
ஒன்றுகூட இலையின் நிறமில்லை.
அவரும் தடுமாறவில்லை, நானும் தடுமாறவில்லை;
எங்களுக்கு யாரும்
மார்க் போடவில்லை.

ரெஜிஸ்டரில் எழுதினேன்:
பெண். இரண்டு கிலோ எழுநூறு. உயிருடன்.
பெயர் என்ற இடம் காலி.
அவளை யார் யார் எப்படி வாசிக்கப் போகிறார்களோ.

நாலரைக்கு டீ வந்தது.
வாலை விரித்து
நமாவுக்கு நேரே பச்சை என்று எழுதினேன்.
ஸேய்க்கு நேரே ஒன்றும் எழுதவில்லை,
அது இனி மறக்காது.
காகிதத்தின் அந்தப் பக்கம்
யாருடைய பிள்ளையோ
மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பரீட்சை.
டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் நாற்பத்தொன்று.

கி மிச்சமிருக்கிறது.
கி-க்கு இன்னும்
ஆணி கிடைக்கவில்லை.